இடி விழுந்தால்

பூந்தமல்லி
18 ஆகஸ்ட் 2025

மேற்குப் புறநகர் சிறுமியர் பேஸ்பால் லீகின் செயலாளரும், தலைமை அம்பயரும், நேற்று சாயங்காலம் வரை என் சிநேகிதியுமாக இருந்த மைதிலிக்கு,

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். லீக் க்ரூப்பிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டாய். ஆனால் முறையீடு எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும், வந்தால் செயலாளர் படித்துப் பதில் எழுத வேண்டும் என்று நீயே விதி போட்டிருக்கிறாய். ஆகவே படி. ஷேர் வேன் பிடித்து ஆவடிக்கு வந்து உன் வாசலில் நின்று கத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் கத்தினால் நீ காதைப் பொத்திக்கொள்வாய், இத்தனை வருஷத்தில் இது தெரியாதா எனக்கு.

நேற்று உங்கள் ஆவடி மைதானத்தில் அரையிறுதி. எங்கள் பூந்தமல்லிப் பெண்கள் ஒரு ரன் முன்னால். அம்பத்தூர்க்காரிகள் மட்டை பிடிக்கிறார்கள், கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். பந்து லாவண்யா கையில். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் ஃபைனல். அப்போது பட்டாபிராம் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, இடி கேட்டது. நான் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மட்டை, க்ளவுஸ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேனில் ஏறுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

நீ முகமூடியைக் கழற்றிவிட்டு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஷாகிதா, லேஸ் கட்டாத."

பெற்றோர் அத்தனை பேரும் கேட்டார்கள். அர்த்தம் அவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. நான் பந்து போட, நீ பிடிக்க நாம் ஆடிய நாளில், கை ஓய்ந்துபோனால் நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவேன். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு தந்திரம். அது உனக்கு மட்டும்தான் தெரியும். இருபது பிள்ளைகளின் உயிரைப் பற்றி நான் பேசும்போது, நான் ஏமாற்றுகிறேன் என்று மைதானத்தின் நடுவில் நின்று சொன்னாய்.

கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, ஆட வராத அணி தோற்ற அணி என்று அம்பத்தூருக்கு ஆட்டத்தைக் கொடுத்தாய். மழையும் வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

வேனின் கடைசி சீட்டில் லாவண்யா திருவேற்காடு வரும் வரை பந்து போடுகிற கையை விரித்து விரித்து மூடிக்கொண்டே வந்தாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஃபைனலுக்கு மட்டும்தான் வருவார்கள். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. வேன் ஓட்டுகிற வேம்புலி அவளுடைய அப்பா. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா மிஸ், வானம் சும்மா கர்புர்னுச்சு, அதுக்குப் போயி கெலிக்கிற மேட்ச்சைக் குட்த்துட்டு வந்துகினு கீறீங்களே" என்றார். அதட்டலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுகிற குரலில் சொன்னார்.

ஆட்டத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. சாமான் அறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறதே, "இடி விழுந்தால் ஆட்டம் நிறுத்தப்படும்" என்று, அதை நிஜமாகவே விதியாக நடத்து. லாவண்யா பந்து போடுவதைத் தேர்வாளர்கள் பார்க்க ஒரு வழி செய். இரண்டும் கிடைக்கும் வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

நேற்று லேஸ் கட்டாத,
ஷாகிதா

*

ஆவடி
22 ஆகஸ்ட் 2025

பூந்தமல்லி அணியின் பயிற்சியாளர் ஷாகிதா அவர்களுக்கு,

தங்கள் முறையீடு கிடைத்தது. கமிட்டி கூடிப் பேசியது. ஆட்டம் நடக்கும்போது அம்பயரின் அனுமதி இல்லாமல் அணியை வெளியே அழைத்துச் சென்றதால் முடிவில் மாற்றமில்லை. அதே காரணத்துக்காக, இந்த சீசன் முடியும் வரை தாங்கள் மைதானத்துக்குள் வரக் கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது. தங்கள் அணிப் பெண்களுக்கு இந்தத் தடை இல்லை.

சுவரில் உள்ள விதியைத் தாங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். விதி "இடி விழுந்தால்" என்கிறது. "இடித்தால்" என்று சொல்லவில்லை. அன்று இடி இடித்தது, நானும் மறுக்கவில்லை. எங்கே விழுந்தது? புளியமரத்தில் விழுந்ததா, விளக்குக் கம்பத்தில் விழுந்ததா? எங்கோ திருநின்றவூர்ப் பக்கம் உறுமியதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினால், ஆகஸ்ட் மாதத்தில் இந்தப் பக்கம் ஒரு ஆட்டமும் முடியாது. தோற்கப் போகிற ஒவ்வொரு அணிக்கும் வானத்தில் ஏதாவது ஒன்று கேட்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். அவரை நான் கண்டிக்கவில்லை.

மைதிலி
செயலாளர்

இதற்குக் கீழே எழுதுவது செயலாளர் அல்ல. பேஸ் மூன்றும் நிரம்பியிருந்தது. லாவண்யாவின் கை இறங்கிவிட்டது, கடைசியாகப் போட்ட நாலு பந்தும் மட்டைக்கு எட்டாத தூரத்தில் போயின. அந்த நேரம் பார்த்து உனக்கு இடி கேட்கிறது. நான் என்ன நினைக்க வேண்டும் என்று நீயே சொல். நீ உள்ளே வந்தபோது என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. நேராகப் பிள்ளைகளிடம் போனாய். கேட்சரைப் பார்க்காமல் எந்தப் பிட்ச்சர் இறங்கிப் போவாள்?

*

பூந்தமல்லி
25 ஆகஸ்ட் 2025

மைதிலி,

மரத்தில் விழுந்ததா, கம்பத்தில் விழுந்ததா என்று கேட்கிறாய். விழுந்த பிறகு ஆட்டத்தை நிறுத்த அம்பயர் எதற்கு? ஆம்புலன்ஸ் போதும்.

இடி எங்கும் விழாதடி. இடி வெறும் சத்தம். விழுவது மின்னல். நம் பாஷையில்தான் இடி விழுந்து மாடு செத்தது, தலையில் இடி விழுந்தது என்று சத்தத்தின் மேல் கொலைப் பழியைப் போட்டுவிட்டு, கொன்றதை அழகு என்கிறோம். பெண் பிள்ளைக்கு மின்னல் மாதிரி இடுப்பு என்று பாட்டும் எழுதுகிறோம். அதனால்தான் சத்தம் பெரிதாக இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று நீயும் நினைக்கிறாய், வேம்புலியும் நினைக்கிறார். என் தம்பி ஜுல்ஃபிகர் தினமும் சாப்பிடும்போது எவர்சில்வர் தட்டைத் தட்டிவிட்டு, "அக்கா, இடி, வேன்ல ஏறு" என்கிறான்.

கோச்சுகளுக்கான வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன். இடி காதுக்குக் கேட்கிறது என்றாலே மின்னல் எட்டுகிற தூரத்தில்தான் நாம் நிற்கிறோம். மழைக்காக அது காத்திருக்காது. மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு, இங்கே தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே விழும். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் உள்ள தூரம். நீ என்னோடு பேசாமல் இருக்க வசதியாக இருக்கிற இந்தத் தூரம் அதற்கு ஒரு எட்டு.

இதையும் யோசி. நம் மைதானத்தில் மழை வந்தால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? ஒன்று புளியமரத்தடி, இல்லாவிட்டால் அந்தத் தகரக் கொட்டகை. வெட்டவெளியில் உயரமாக நிற்பது அந்த மரம்தான். கொட்டகைக்கு நாலு இரும்புக் கால், சுவர் கிடையாது. கையில் அலுமினிய மட்டை, முதுகுக்குப் பின்னால் கம்பி வலை. மின்னலுக்கு நாம் பந்தி விரித்து இலை போட்டு வைத்திருக்கிறோம். போக வேண்டியது நாலு சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள கட்டடம். அது இல்லையென்றால் கதவும் கண்ணாடியும் முழுக்க மூடுகிற வேன், பஸ். உள்ளே போய் இரும்பைத் தொடாமல் உட்கார வேண்டும். கடைசியாக இடி கேட்டதிலிருந்து அரை மணி நேரம் ஒருவரும் வெளியே வரக் கூடாது. நடுவில் மறுபடி கேட்டால், மறுபடி முதலிலிருந்து அரை மணி.

உன் பின்குறிப்புக்கு வருகிறேன். ஆமாம், உன்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நீ வேண்டாம் என்று தலையசைப்பாய், ஒன்பது வருஷமாக நீ தலையசைத்தால் நான் கேட்டுப் பழகியவள். அன்றைக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். மர்வாவின் அம்மா அவளை ஆட அனுப்புவதற்கு நான் அவர்கள் வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று உனக்குத் தெரியும். "உங்கள நம்பி அனுப்புறேன்" என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறார்கள். கோப்பையை நம்பி அனுப்புகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

லாவண்யா ஒரு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை.

இடி மரத்தில் விழவில்லை, கம்பத்தில் விழவில்லை, என் காதில் விழுந்தது. தமிழில் சத்தம் காதில்தானே விழும்? உன் சுவரில் இருக்கிற விதிக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான்.

ஷாகிதா

*

ஆவடி
30 ஆகஸ்ட் 2025

ஷாகிதா,

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். நம் சண்டையில் மழையே வரவில்லை, தூவானம் மட்டும் இரண்டு வாரமாக அடிக்கிறது.

வியாழக்கிழமை எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் பயிற்சி. இடியோடு மழை பிடித்தது. நீ எழுதியிருந்தாயே, அப்படியே நடந்தது. பாதிப் பேர் புளியமரத்தடிக்கு ஓடினார்கள், பாதிப் பேர் கொட்டகைக்கு. ஒருத்தி இரும்புக் காலைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள். இன்னொருத்தி கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரை மட்டையை நீட்டித் தட்டி விளையாடுகிறாள். ஒவ்வொரு தடவை இடித்தபோதும் எல்லோரும் சேர்ந்து "அர்ஜுனா, அர்ஜுனா" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். இதை எத்தனை வருஷமாகப் பார்த்திருப்பேன். நாம் இரண்டு பேரும் அதே காலைக் கட்டிக்கொண்டு கத்தியிருக்கிறோம், நீ மட்டும் அர்ஜுனனுக்குப் பதிலாக "சுப்ஹானல்லாஹ்" என்பாய். அன்றைக்கு உன் கடிதம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தது, என்னால் சிரிக்க முடியவில்லை. எதிரே இருக்கும் சமுதாயக் கூடத்துக்கு எல்லோரையும் விரட்டிக்கொண்டு போனேன். பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வந்து திறக்கும் வரை வெட்டவெளியில் நின்றோம். அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

நேற்று கமிட்டியில் பேசினேன். தலைவர் திருவேங்கடம் ஐயாவை உனக்குத் தெரியும், தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மைதானத்தின் ஒவ்வொரு கல்லும் தன்னுடையது என்று நினைப்பவர். "பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சலாமாம்மா? வாலிபத்துலேருந்து இந்த கிரவுண்டுல ஆடுறோம். யார் தலையில விழுந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்றார். நரி பயப்பட வேண்டியது சலசலப்புக்கு அல்ல ஐயா, மின்னலுக்கு என்று சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சீசன் நடுவில் விதியை மாற்ற முடியாது, சுவரில் கை வைக்கக் கூடாது, உன் தடையும் அப்படியே இருக்கும் என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் சுவரில் இருக்கும் விதிக்கு மைதானத்தில் என்ன அர்த்தம் என்பதைச் சொல்ல வேண்டியவள் அம்பயர். அந்த ஒரு இடம் என்னுடையது. ஃபைனல் செப்டம்பர் பதினான்காம் தேதி, ஞாயிறு. அன்றைக்கு என் காதில் விழுந்தால் நிறுத்துவேன். கோச்சின் காது கணக்கில் இல்லை, என் காது மட்டும்தான். சமுதாயக் கூடத்தின் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். வேம்புலி அண்ணனின் வேனை கேட்டுக்கு உள்ளே நிறுத்தச் சொல். கூடத்தில் எல்லோருக்கும் இடம் போதாது.

லாவண்யா விஷயம். மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் இடைவேளை. அப்போது தேர்வாளர்கள் முன்னால் அவள் பந்து போடலாம், பேசிவிட்டேன். தயவு என்று நினைக்காதே, மற்ற அணிகளின் பிட்ச்சர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். யாரும் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய.

உன் மேல் இருந்த சந்தேகம் முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் பொய். பாதி போயிருக்கிறது.

மைதிலி

*

பூந்தமல்லி
6 செப்டம்பர் 2025

மைதிலி,

மீதிப் பாதியை வைத்துக்கொள். சந்தேகப்படுகிற அம்பயர்தான் நல்ல அம்பயர். காது உன்னுடையதாகவே இருக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை.

லாவண்யாவின் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. டீ மட்டும் வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நசரத்பேட்டைப் பள்ளி மைதானத்துக்கு நான் போவதற்கு முன்பே அவள் அங்கே சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். சுவர் என் மூஞ்சி என்று நினைத்து எறிந்திருப்பாள், அவ்வளவு வேகம். நேற்றுத்தான் இடைவேளை ஏற்பாட்டைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கும் இட்ச்சா இன்னா மிஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நான் அங்க இருக்க மாட்டேன்டி. மைதிலி மேடம்தான் இருப்பாங்க."

"அவுங்க நிறுத்துவாங்களா?"

அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

வேம்புலி முதலில் முடியாது என்றார். "எம் பொண்ணு சான்ஸை வேன்ல ஏத்தி ஓட்டிகினு வந்தவன் நான். இன்னொரு தபா அந்தப் பாவம் வாணாம் மிஸ்" என்றார். பக்கத்தில் நின்ற லாவண்யா, "நைனா, வண்டிய எடு" என்றாள். அவ்வளவுதான். ஃபைனல் அன்றைக்கு சவாரியை விட்டுவிட்டு வருகிறார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒன்று உடைந்திருந்தது, அதையும் சரி செய்துவிட்டார்.

மைக் செட் வைப்பீர்கள், தெரியும். பாட்டுப் போட்டால் இடி கேட்காது. அதை அடக்கி வை.

வானம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். லாவண்யா கையில் பந்தோடு நிற்கும்போது இடித்தாலும் நிறுத்து. அவள் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் உன்னால் முடியாது. அவளுக்காக நான் உன்னிடம் சண்டை போட்டுத்தான் அந்த வாய்ப்பை வாங்கினேன். அதைக் காப்பாற்றச் சொல்லி ஒருபோதும் கேட்க மாட்டேன்.

ஷாகிதா

*

ஆவடி
15 செப்டம்பர் 2025

ஷாகிதா,

வேம்புலி அண்ணன் பாதிக் கதையைச் சொல்லியிருப்பார். மீதியை நான்தான் எழுத வேண்டும். நேற்று பூந்தமல்லியில் உனக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் அணிக்கும் அம்பத்தூருக்கும் ஃபைனல். ஷாமியானா, பாட்டு, சோடா, எல்லாம் இருந்தது. பாட்டை நிறுத்தச் சொன்னேன். "கல்யாண வீட்ல மேளத்தை நிறுத்துற மாதிரி பண்றியேம்மா" என்று ஐயா சலித்துக்கொண்டார். நிறுத்தியே ஆக வேண்டும் என்றேன். அதிலேயே பாதிப் பேருக்கு என் மேல் கடுப்பு.

மூன்று இன்னிங்ஸ் முடிந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லாவண்யா நடுவில் போய் நின்றாள். அவளுக்குப் பந்து பிடிக்க ஆள் வேண்டுமே, கேட்சர் க்ளவுஸை நானே மாட்டிக்கொண்டேன். உன்னைத் தவிர இன்னொருவர் பந்துக்கு நான் குந்தி உட்கார்ந்து எவ்வளவு காலமாகிறது. முதல் பந்திலேயே உள்ளங்கை எரிந்தது. உன் பந்தைப் போலவே கிட்டே வந்ததும் கொஞ்சம் உள்ளே வளைகிறது. நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய், திருட்டு முண்டம். தேர்வாளர்கள் இரண்டு பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாவது பந்துக்குக் கையைத் தூக்கியவள், எறியாமல் இறக்கிவிட்டாள். பந்தைத் தரையில் வைத்தாள். குனிந்தபடியே நின்றாள்.

ஷாகிதா, என் வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? லேஸ். அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேட்சரைப் பார்த்தாள். ஒரு விரலால் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அப்புறம்தான் எனக்கும் கேட்டது. பக்கத்துத் தெருவில் கடை ஷட்டரை இழுக்கிற மாதிரி, அவ்வளவு சின்னதாக. ஷாமியானாவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வெயில் அப்படியே அடிக்கிறது. நான் பேசாமல் இருந்திருந்தால் அவள் மிச்சப் பந்துகளையும் போட்டிருப்பாள், தேர்வாளர் பெயரை எழுதியிருப்பார். அவள் முகத்தைப் பார்க்காதே என்றாய். பார்த்தேன். அழுகை வரப் போகிற முகம், ஆனால் பந்தைத் திரும்ப எடுக்கவில்லை. விசில் ஊதினேன்.

பிறகு நடந்தது உனக்குப் பழக்கமானதுதான். அம்பத்தூர்ப் பிள்ளைகள் அவர்கள் ஸ்கூல் பஸ்ஸில், நம் பிள்ளைகள் வேனில், பெற்றோர் எல்லாம் சமுதாயக் கூடத்தில். போகிற வழியெல்லாம் திட்டு. கேட்டருகே நாலு இளவட்டங்கள், "எங்கக்கா விழுந்துச்சு இடி? காட்டு, நாங்களும் பாக்குறோம்" என்று கேட்டார்கள். நான் பதில் தேடுவதற்குள் வேன் கண்ணாடியை இறக்கி லாவண்யா தலையை நீட்டினாள்.

"காதுலண்ணா. உங்களுக்கு வுழலியா?"

வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கண்ணாடியை ஏற்றச் சொல்லி அதட்டினேன், எனக்கும் சிரிப்பு.

ஐயா மட்டும் ஷாமியானாவை விட்டு வர மாட்டேன் என்று நின்றார். ஷாமியானாவுக்கும் இரும்புக் கால்தான். வேம்புலி அண்ணன் முன் கதவைத் திறந்துவிட்டு, "பெர்சு, நீ கோவிச்சுக்கோ, யாரு வாணான்னா. உள்ள குந்திகினு கோவிச்சுக்கோ" என்றார். என்ன தோன்றியதோ, வந்து உட்கார்ந்தார்.

அரை மணி முடியப் போகும் நேரத்தில் மறுபடி கேட்டது. மறுபடி முதலிலிருந்து. அப்புறம் இன்னொரு தடவை. தேர்வாளர்கள் தங்கள் காரில் உட்கார்ந்திருந்தவர்கள், அப்படியே கிளம்பிப் போய்விட்டார்கள். இருட்டிவிட்டது. ஃபைனலை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளி வைத்தேன்.

ஒன்றும் விழவில்லை ஷாகிதா. மழையும் இல்லை. புளியமரம் இன்று காலையும் நன்றாகத்தான் நிற்கிறது. அன்றைக்கு வேனில் நீ உட்கார்ந்திருந்தது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஒன்றும் விழக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டே, சின்னதாக ஏதாவது, ஒரு கம்பத்திலாவது விழுந்து தொலைத்தால் இவர்கள் வாய் அடங்குமே என்று மனது ஓரமாக நினைத்தது. அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டேன். ஒன்றும் நடக்காமல் போனால் நம்மிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்கிறவள்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியும். நீ தனியாகப் பொறுத்தாய், உனக்கு எதிராக நான் நின்றேன். நான் நினைத்தது தப்பு, சொன்னது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடு.

தேர்வாளர்களுக்குக் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்தேன். ஒருவர் எடுக்கவே இல்லை. இன்னொருவர், பட்டியல் முடிந்த மாதிரிதான், ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வந்து பார்க்கிறேன் என்றார். முடிந்தால் என்ற வார்த்தையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வரை போன் செய்வேன்.

இன்னொன்று. சுவரில் கை வைக்கக் கூடாது என்று கமிட்டி சொன்னதல்லவா? இன்று காலை ஏணி போட்டு ஏறி, "இடி"க்கும் "விழுந்தால்" என்பதற்கும் நடுவில் வார்த்தை செருகுகிற கொம்புக் குறி ஒன்று போட்டு, மேலே "காதில்" என்று எழுதிவிட்டேன். பாதியில் ஐயா வந்துவிட்டார். "என்னம்மா, எழுத்துப் பிழையா?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்துச்சு ஐயா" என்றேன். அண்ணாந்து ஒரு தடவை படித்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உன் கேட்சர்,
மைதிலி

உன் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

*

பூந்தமல்லி
29 செப்டம்பர் 2025

அடி மைதிலி,

ப்ளாக்கை எடுத்தது தெரியும். ஆனாலும் கடிதம்தான் எழுதுவேன். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

மன்னிப்பு விஷயத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம். பூந்தமல்லிக்கு வா, என் அம்மா கையால் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை கேள், கொடுக்கிறேன். உங்கள் பெண்கள் ஃபைனலில் தோற்றதற்கு என் அனுதாபங்கள். வானம் அன்றைக்குச் சுத்தமாக இருந்ததாமே, சாக்குச் சொல்லவும் வழியில்லை.

மாவட்டப் பட்டியல் வந்துவிட்டது. நீ ஆறு நாள் போனில் துரத்திய அந்த மனிதர் வந்து பார்த்ததற்கு, லாவண்யாவை மாற்று ஆட்டக்காரியாகப் போட்டிருக்கிறார்கள். முதல் ஒன்பதில் இல்லை. இருந்திருப்பாள், ஃபைனலில் ஆடியிருந்தால். அதை அவளிடம் மழுப்பாமல் சொன்னேன். "யாருக்குனா கை வலிச்சா நான் எறங்குவேன்ல மிஸ்?" என்று கேட்டுவிட்டு, உடனே பந்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். வேம்புலி வேனுக்கு மாலை போட்டிருக்கிறார். மாற்று ஆட்டக்காரி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை, நானும் விளக்கப் போவதில்லை.

எங்கள் பள்ளி மைதானத்துச் சுவரிலும் உன் விதியை எழுதிவிட்டோம், கொம்பு போடாமல், ஐந்து வார்த்தையும் நேராக. தலைமையாசிரியரிடம் இரண்டு வகுப்பறைகளின் சாவியும் வாங்கியாயிற்று. மர்வாவின் அம்மா வந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தன் தங்கை மகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

நேற்று பயிற்சி. திருமழிசைப் பக்கம் உறுமியது. நான் விசிலை எடுப்பதற்குள் மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை. மட்டைகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. எல்லோரும் பக்கத்தில் நிற்கிற வேனுக்குள். லாவண்யா கதவருகில் நின்று தலைகளை எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது என்கிறாள். யாரடி அது என்று எனக்கும் பதற்றம்.

நான்தான். மைதானத்தின் நடுவில் ஒரு முட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இந்தத் தடவை அது நிஜமாகவே அவிழ்ந்திருந்தது.

"மிஸ்," என்று கத்தினாள் லாவண்யா. "லேஸை உள்ள வந்து கட்டுங்க."

ஷாகிதா